கல்கத்தாவின் மெஸ்மெரிச மருத்துவமனையும் பிறர் உள்ளம் அறியும் ஆய்வும்

ஐம்புலன்களின் துணையின்றி ஓர் உள்ளம் மற்றோர் உள்ளத்தை அறிதல் கூடுமா என்னும் வினா மிகப் பழையது. அதனைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் ‘டெலிபதி’ என்னும் சொல்லோ மிக அண்மைக் காலத்தது. 1882-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டறிஞர் பிரடெரிக் மையர்ஸ் என்பார் கிரேக்க மொழியினின்று அதனை ஆக்கினார். தமிழில் நாம் அதனைத் தொலைவிலுணர்தல் என்கிறோம். அச்சொல் பிறப்பதற்கு முப்பத்தாறு ஆண்டுகட்கு முன்னரே, அவ்வினாவின் எல்லையில் நின்ற ஆய்வொன்று அரசாங்கத்தின் பொருளுதவியோடும் அரசாங்கக் குழுவின் மேற்பார்வையோடும் இக்கல்கத்தா மாநகரில் நடைபெற்றது என்பதை நம்மவருள் அறிந்தார் சிலரே. இந்நகரிற் பல தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கும் அது புதிய செய்தியாகவே இருத்தல் கூடும்.

பிறர் உள்ளத்தை அறிதல் பற்றி நம் முன்னோர் எண்ணாமல் இல்லை. வள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்னும் ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் அமைத்தார். ஒன்று பொருட்பாலில், மற்றொன்று காமத்துப்பாலில். எனினும் வள்ளுவர் கூறும் குறிப்பறிதல் பெரிதும் முகத்தையும் கண்ணையும் வாயிலாகக் கொண்டது. புலன்வழி வரும் நுண்ணிய அறிவு அது. சமண நூலார் இதனின் வேறாக ‘மனப்பரியாய ஞானம்’ என்று ஒன்றனை வகுத்துப் பிறர் எண்ணத்தை நேரே அறியும் அறிவு என்று இலக்கணம் கூறினர். பதஞ்சலியின் யோக சூத்திரமும் பிறர் சித்தத்தை அறிதலை யோகியின் பேறுகளுள் ஒன்றாக எண்ணும். இவ்விரண்டு வகையையும், அதாவது முகக்குறிப்பால் அறிவதையும் முகக்குறிப்பின்றி அறிவதையும், நம்மவர் பிரித்தே வைத்தனர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பின்னர் நாம் காணப்போகும் குழப்பங்கள் எல்லாம் இப்பிரிவினை மறந்ததால் விளைந்தவையே.

கல்கத்தாவின் கதை ஹூக்ளியில் தொடங்குகிறது. ஹௌரா நிலையத்தில் பண்டல் செல்லும் வண்டியேறினால் ஒரு மணி நேரத்திற்குச் சற்றே மிகையான பொழுதில் ஹூக்ளியை அடையலாம். அங்கே கங்கைக் கரையில் மணிக்கூண்டோடு நிற்கும் இமாம்பாரா 1861-இல் கட்டி முடிக்கப்பெற்றது. அது ஹாஜி முகம்மது மொஹ்சின் என்னும் பெருங்கொடையாளரின் அறக்கட்டளையால் எழுந்தது. அவ்வறக்கட்டளையின் வருவாயிலேயே ஏழைகளுக்கான மருத்துவமனை ஒன்றும் அவ்வூரில் நடந்து வந்தது. 1840-களில் அதன் பொறுப்பில் இருந்தவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். 1808-இல் பிறந்து, எடின்பரோவில் பயின்று, கிழக்கிந்தியக் கும்பெனியின் பணிக்கு வங்காளம் வந்தவர். சிறைச்சாலைக் கைதிகளுக்கு மருத்துவம் செய்வதும் அவர் கடமைகளுள் ஒன்று.

அக்காலத்து அறுவை மருத்துவம் எத்தகையது என்பதை இன்று நாம் கற்பனை செய்தலும் அரிது. மயக்க மருந்து என்று ஒன்று இல்லை. நோயாளியை நால்வர் பற்றிக்கொள்ள, மருத்துவர் விரைந்து அறுப்பார். விரைவே திறமை எனப்பட்டது. வலியினாலும் அதிர்ச்சியினாலும் மேசையிலேயே உயிர்விட்டோர் பலர். வங்காளத்தில் நிலைமை இன்னும் கொடிது. யானைக்கால் நோயின் வகையாக ஆண்களின் விரைப்பையில் கட்டி வளர்ந்து, ஆண்டுக்கணக்கில் பெருத்து, நடக்கவும் இயலாது அவர்களை முடக்கியது. சில கட்டிகள் மனிதனின் எடையிற் பாதியை எட்டின. அறுத்தால் இறப்பு அண்மையில். அறுக்காவிட்டால் வாழ்வே சிறை.

1845-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள், மாதவ் கௌரா என்னும் கைதி விரைவீக்கத்திற்கு மருத்துவம் பெற்றுத் தாங்கொணா வலியால் துடித்துக்கொண்டிருந்தான். எஸ்டெய்ல் தம் உதவி மருத்துவராகிய பதன் சந்திர சௌத்ரியை நோக்கி, மெஸ்மெரிசம் செய்யக் கண்டதுண்டா என வினவினார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் யாரோ முயன்று தோற்றதைக் கண்டதாக அவர் கூறினார். எஸ்டெய்லோ அதனைக் கண்டதே இல்லை, படித்ததோடு சரி. படித்த நினைவைக் கொண்டே கைதியின் எதிரில் அமர்ந்து, முகத்தின்மீதும் வயிற்றின்மீதும் கைகளை மெல்ல மேலிருந்து கீழாகச் செலுத்தத் தொடங்கினார். நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. அவர் விடவில்லை. மெல்ல மெல்லக் கைதியின் பேச்சுத் தடுமாறியது; பின்னர் அறவே நின்றது. ஊசியாற் குத்தினர், முழங்காலில் நெருப்பு வைத்தனர், கடும் அம்மோனியாவை மூக்கருகே பிடித்தனர். அவன் அசையவில்லை. மாவட்ட நீதிபதியும் கலெக்டரும் அழைக்கப்பெற்று வந்து இதனைக் கண்ணாற் கண்டு சென்றனர்.

மெஸ்மெரிசம் என்பது வியன்னா நகர மருத்துவர் மெஸ்மர் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பரப்பிய கொள்கை. உலகெங்கும் நிறைந்த நுண்பாய்மம் ஒன்று உண்டு, அதனை ஒருவர் தம் கைவழியே மற்றொருவர்பாற் செலுத்தலாம் என்பது அதன் சாரம். 1784-இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழு, பெஞ்சமின் பிராங்கிளினும் லவோசியரும் அமர்ந்த குழு, அத்தகைய பாய்மம் இல்லை. கற்பனையே வேலை செய்கிறது என்று தீர்ப்பளித்தது. லண்டனில் எலியட்சன் என்னும் புகழ்வாய்ந்த மருத்துவர் இதனைக் கைவிடாது செய்து, அக்காரணத்தாலேயே 1838-இல் தம் மருத்துவமனைப் பதவியைத் துறக்க நேர்ந்தது. ஆக, எஸ்டெய்ல் கையிலெடுத்தது ஐரோப்பாவில் ஏற்கனவே பழிச்சொல்லுக்கு ஆளான கலை. ஹூக்ளி தொலைவில் இருந்தது, நோயாளிகள் ஏழைகளும் கைதிகளுமாக இருந்தனர், கேட்பார் இல்லை. இந்த உண்மையையும் நாம் மறைத்தல் ஆகாது. லண்டனில் ஒரு கனவானிடம் செய்யத் துணியாத சோதனை இங்கே தடையின்றி நடந்தது.

எட்டுத் திங்களில் வலியின்றிச் செய்த அறுவைகள் என்று 73-ஐ எஸ்டெய்ல் பட்டியலிட்டார். 1846-இல் வெளியான ‘இந்தியாவில் மெஸ்மெரிசம்’ என்னும் அவர் நூலில் அப்பட்டியல் உள்ளது. கை துண்டித்தல், கண்புரை நீக்கல், பல் பிடுங்கல் முதலாகப் பலவகை அதிலுண்டு. நீக்கிய விரைக்கட்டிகளின் எடை 8 இராத்தல் முதல் 80 இராத்தல் வரை என்று காண்கிறோம். 80 இராத்தல் என்பது ஏறக்குறைய 36 கிலோ. பின்னாளில் இவ்வகைக் கட்டிகளை 161 பேருக்கு அகற்றியதாகவும், நூற்றுக்கு ஐவரே இறந்ததாகவும் அவர் எழுதினார். அந்நாளிற் பிறர் கைகளில் இதனினும் பன்மடங்கினர் மாண்டனர்.

ஹூக்ளியில் அவர் கண்ட வேறொன்றும் சுவையுடையது. அவ்வூரில் பெயர்பெற்ற மந்திரவாதி ஒருவரை அழைத்து, அவர் நோய் தீர்க்கும் முறையைச் செய்துகாட்டச் சொன்னார். மந்திரவாதி நீர்ச்செம்பும் இலைக்கொத்துமாக வந்து, நோயாளியின் உடலை மேலிருந்து கீழாகத் தடவியும் ஊதியும் மந்திரித்தார். வங்காளத்தில் இதனை ஜாட்-பூங்க் என்பர். நம் ஊர்களில் வேப்பிலை அடித்தலும் பார்வை பார்த்தலும் இதற்கு உறவு. தாம் ஐரோப்பிய நூல்வழிக் கற்றதும் இவர் பாட்டன்வழிக் கற்றதும் ஒன்றே என எஸ்டெய்ல் உடனே கண்டுகொண்டார். ஓர் ஐரோப்பிய மருத்துவர் அக்காலத்தில் இதனை அச்சில் ஒப்புக்கொண்டது பெருமைக்குரியதே. அதே ஆண்டில் ஒரு வழக்கும் எழுந்தது. நாவிதர் ஒருவர் ஏதோ முணுமுணுத்துத் தன்னை மதிமயக்கி அழைத்துச்சென்றதாக ஒரு சிறுவன் கூற, அவ்வாறு செய்தல் கூடுமா என்று நீதிமன்றம் எஸ்டெய்லைக் கேட்டது. அவர் நீதிமன்றத்திற்கே ஆட்களைக் கொணர்ந்து மயக்கிக் காட்டினார். கூண்டில் நின்றவன் நீதிபதியின் கேள்விகள் காதில் விழாதவனாக நின்றான்.

கல்கத்தா மருத்துவர்கள் இதையெல்லாம் நம்பவில்லை. அவர்கள் கூறிய மறுப்புகளைப் படிக்கும்போது நமக்குச் சினமும் சிரிப்பும் ஒருங்கே எழுகின்றன. இந்தியர் இயல்பாகவே வலியறியாதவர் என்றார் சிலர். துரையை மகிழ்விக்கப் பொய் சொல்கிறார்கள் என்றார் வேறு சிலர். 80 இராத்தல் கட்டியை அறுக்கும்போது துரையின் மகிழ்ச்சிக்காக வாய் திறவாது கிடப்பவன் உண்டா என்று இவர்கள் தம்மையே கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அதே மருத்துவமனையில் மயங்காத நோயாளிகள் அலறியதையும் எஸ்டெய்ல் சுட்டிக்காட்டினார்.

அவர் வேண்டுகோளின்படி வங்காளத்தின் துணை ஆளுநர் சர் ஹெர்பர்ட் மாடக் 1846-இல் ஒரு குழுவை அமைத்தார். குழுவில் இருந்தோருள் ஒருவர் வில்லியம் புரூக் ஓஷாஹ்னெசி. இவரைப் பற்றி ஒரு வார்த்தை கூறாது மேற்செல்ல மனம் வரவில்லை. கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் வேதியியற் பேராசிரியர். நம் நாட்டுக் கஞ்சாவை ஆய்ந்து மேனாட்டு மருத்துவத்திற்கு அறிமுகப்படுத்தியவர். அனைத்திற்கும் மேலாக, 1839-இல் இந்நகரின் தாவரவியல் தோட்டத்தையொட்டிக் கம்பியிழுத்து இந்தியாவின் முதல் தந்திச் சோதனையை நடத்தியவர். தொலைவிலிருந்து கம்பிவழிச் செய்தி அனுப்ப வழிகண்டவரே, கம்பியும் புலனுமின்றி ஓர் உடல் மற்றோர் உடலை ஆட்கொள்ளுமா என்று தீர்ப்புக் கூற அமர்ந்தார். டெலிபதி என்னும் சொல்லே ‘டெலிகிராப்’ என்பதன் சாயலில் எழுந்தது என்பதை எண்ணும்போது இப்பொருத்தம் நம்மை வியக்கவைக்கிறது.

குழு பத்து நோயாளிகளை எடுத்துக்கொண்டது. மயக்கும் வேலையை எஸ்டெய்ல் தாமே செய்யவில்லை. ஹூக்ளி மருத்துவமனையின் கம்பவுண்டர்களும் கட்டுக் கட்டுவோருமாகிய இளைஞர்கள், பதினான்கு முதல் முப்பது வயதுக்குட்பட்ட இந்துக்களும் முகம்மதியரும், நோயாளிக்கு ஒருவராக அமர்த்தப்பெற்றனர். அறை இருட்டாக்கப்பட்டது. நோயாளி படுத்திருக்க, இளைஞர் அவர் தலைமாட்டில் அமர்ந்து குனிந்து, தலையின்மேல் மூச்சுவிட்டவாறு, உடலின்மீது கையைச் செலுத்திக்கொண்டே இருப்பார். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், சிலருக்கு அதனினும் மிகுதி, இப்படிப் பல நாள். கதவில் துளையிட்டு அதன்வழியே குழுவினர் நோக்கினர். கல்கத்தாவின் வெயிலில், மூடிய அறையில், வாய்பேசாது மணிக்கணக்காகக் கைவீசிய அவ்விளைஞர்களின் உழைப்பின்மீதே எஸ்டெய்லின் புகழ் முழுதும் எழுந்தது. தம் வலிமை குன்றாதிருக்க அவ்வேலையை அவர்களிடம் விட்டதாக எஸ்டெய்லே எழுதுகிறார்.

பத்துப் பேரில் மூவர் மயங்கவே இல்லை. எத்தனை நாள் முயன்றும் பயன் விளையாததால் விலக்கப்பட்டனர். எழுவருக்கு அறுவை நடந்தது. விழித்தபின் எழுவரும் வலி தெரியவில்லை என்றே கூறினர். ஆயினும் குழுவினர் கண்டது அவ்வளவு எளிதாக இல்லை. சிலர் பிணம்போற் கிடந்தனர். வேறு சிலரோ கத்தி பட்டபோது கைகளை உதறினர், உடலை நெளித்தனர், அவர்கள் முகம் கோணிய கோணலை, அடக்கிய வேதனையின் தோற்றமாகக் குழு பதிவு செய்தது. வாய் இல்லை என்கிறது, முகம் உண்டு என்கிறது, எதனை நம்புவது? 1846 அக்டோபரில் அளித்த அறிக்கையில் குழு இரண்டையும் ஒளிக்காது எழுதியது. இவ்விடத்தில் அக்குழுவினர் பாராட்டுக்குரியர். தோல்வியுற்ற மூவரையும் கணக்கிற் காட்டியது சிறு செய்தியன்று. இத்துறையில் பின்வந்த ஆய்வாளர் பலர் தோல்விகளை எண்ணாது விட்டே பெயர் பெற்றனர்.

அரசாங்கம் ஓராண்டிற்கு ஒரு சோதனை மருத்துவமனையை அனுமதித்தது. 1846 நவம்பரில் மாட் சந்தில் அது திறக்கப்பட்டது. உலகில் மெஸ்மெரிசத்திற்கென அரசு பொருள் கொடுத்து நடத்திய மருத்துவமனை வேறு எங்கும் இருந்ததாகச் சொல்வதற்கில்லை. நகரத்து மருத்துவர்கள் பார்வையாளர்களாக அமர்த்தப்பெற்றனர். வேறு யாரும் வந்து காணலாம் என்று கதவு திறந்து வைக்கப்பட்டது.

இதுகாறும் கூறியது வலி பற்றியது. வலியறியாமை ஒருவர் உடலில் நிகழ்வது. பிறர் உள்ளம் அறிதலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். எஸ்டெய்லின் கருத்தில் இரண்டும் ஒன்றே. தம் உடலினின்று ஒரு பாய்மம் புறப்பட்டு நோயாளியின் உடலிற் புகுகிறது என்று அவர் நம்பினார். அஃது உண்மையானால் அப்பாய்மத்தோடு உணர்வும் எண்ணமும் ஏன் செல்லலாகாது? எனவே அவர் மேலும் சில சோதனைகளில் இறங்கினார்.

கண்பார்வையற்ற நோயாளி ஒருவர் தனித்திருந்து உணவு உண்டுகொண்டிருந்தார். அவர் அறியாவண்ணம் எஸ்டெய்ல் ஒரு சுவரின் மேலாகத் தொலைவிலிருந்து அவரை உற்று நோக்கினார். சிறிது சிறிதாக அவர் கை தளர்ந்தது, உண்பது நின்றது, கால் மணி நேரத்தில் முழு மயக்கத்தில் ஆழ்ந்தார் என்று எழுதுகிறார். மற்றொரு சோதனை இதனினும் வியப்புக்குரியது. மயக்கநிலையில் இருந்த ஓர் இந்து இளைஞரிடம் அது நடந்தது. உப்பு, எலுமிச்சைத் துண்டு, ஜென்ஷியன் என்னும் கசப்பு வேர், பிராந்தி ஆகிய நான்கையும் எந்த வரிசையிலாவது தமக்குத் தருமாறு ஒருவரிடம் கூறி, எஸ்டெய்ல் ஒவ்வொன்றாகத் தம் வாயிலிட்டுச் சுவைத்தார். சுவைத்தவர் அவர்; சுவையைக் கூறியவர் இளைஞர். நான்கும் சரியாக இருந்தன என்பது அவர் குறிப்பு. 1852-இல் அவர் வெளியிட்ட நூல் ஒன்று பெரிதும் இத்தகைய தொலைவறிவைப் பற்றியதே.

அவர் பொய் கூறினார் என்று கொள்ளக் காரணம் இல்லை. ஆனால் பொய் கூறாத ஒருவரும் தவறு காணலாம். நான்கு பொருள்களை இருபத்துநான்கு வரிசைகளில் அமைக்கலாம். ஒரே ஒரு முறை செய்து ஒரு வரிசை பொருந்தியதென்றால், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் இருபத்துநான்கில் ஒரு முறை பொருந்தும். அதற்கும் மேலாக, பிராந்தியை ஓர் அறையில் திறந்தால் அது பிராந்தி என அறிய மனவலிமை வேண்டுவதில்லை, மூக்கு போதும். எலுமிச்சையும் அவ்வாறே. எஞ்சியவை இரண்டு. அவற்றுள் எது முன், எது பின் என்பதே கேள்வியானால் வாய்ப்பு பாதிக்குப் பாதி. கசப்பை மெல்பவர் மூச்சும் தொண்டையும் எழுப்பும் ஒலி வேறு இருக்கிறது. பார்வையற்றவர் கதையிலோ, அவர் நாள்தோறும் மயக்கத்திற்குப் பழகியவர். கண்ணில்லாதவர் காது நம் காதன்று. சுவருக்கு அப்பால் நின்ற துரையின் காலடியை அவர் அறிந்திரார் என்று யார் உறுதி கூற வல்லார்? வள்ளுவரின் குறிப்பறிதலைச் சமணரின் மனப்பரியாயம் என்று எஸ்டெய்ல் மயங்கினார் எனலாம். அறுவை மேசையருகே பத்துப் பேர் காவலிருக்கச் சோதனை நடத்திய அவர், இங்கே தம் மூக்கையும் பிறர் மூக்கையும் மறந்தார்.

விளைவு என்ன? உறுதியானதும் உறுதியற்றதும் ஒரே மூட்டையிற் கட்டப்பட்டன. தொலைவறிவை நம்பாதவர்கள் வலியறியாமையையும் சேர்த்தே தள்ளினர். அதற்குள் காலமும் அவரைக் கைவிட்டது. கல்கத்தாக் குழு அறிக்கை அளித்த அதே 1846 அக்டோபரில், 16-ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் ஆவியால் மயக்கி அறுவை செய்து காட்டினர். 1847 மார்ச் 22-ஆம் நாள் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஈதர் பயன்படுத்தப்பட்டது. அதனை மேற்பார்த்தவர் நாம் மேலே கண்ட ஓஷாஹ்னெசியே. அவ்வாண்டு நவம்பரில் எடின்பரோவில் சிம்சன் குளோரோபாரத்தை அறிவித்தார். 1848 தொடக்கத்திலேயே அது இந்நகரை அடைந்தது. பல நாள் கைவீசிப் பெற்ற மயக்கத்தை ஒரு குப்பி சில நிமிடங்களில் தந்தது. அதுவும் பத்தில் மூவரை விட்டுவிடாது எல்லோருக்கும் தந்தது. அரசாங்க மருத்துவமனை 1848-இல் மூடப்பட்டது. டல்ஹௌசி பிரபு எஸ்டெய்லை மாகாண அறுவை மருத்துவராக உயர்த்தி மதிப்புச் செய்தார். ஆனால் கல்கத்தா மக்கள் எளிதில் விடவில்லை. அதே ஆண்டில் பொதுமக்களின் நன்கொடையால் மற்றொரு மெஸ்மெரிச மருத்துவமனை எழுந்தது. நோயாளிகள் குளோரோபாரத்தால் மாண்ட செய்திகளும் அப்போது வரத்தொடங்கியிருந்தன. மெஸ்மெரிசத்தால் யாரும் மாளவில்லையே என்று எஸ்டெய்ல் வாதிட்டதில் பொருள் இல்லாமல் இல்லை. 1851-இல் அவர் இந்தியாவை விட்டு நீங்கினார். 1859-இல் ஐம்பதாம் வயதில் மறைந்தார்.

ஆயினும் சுவைச் சோதனை அவரோடு முடியவில்லை. அயர்லாந்தில் இயற்பியற் பேராசிரியர் வில்லியம் பாரெட், மயக்கநிலையில் இருந்த சிற்றூர்ச் சிறுமி ஒருத்தி மயக்குபவர் வாயிலிட்டதன் சுவையைக் கூறுவதைக் கண்டு, 1876-இல் அறிஞர் பேரவையின்முன் கட்டுரை படித்தார். அதுவே 1882-இல் லண்டனில் உளவியல் ஆய்வுக் கழகம் தோன்ற வித்தாயிற்று. டெலிபதி என்னும் சொல்லும் அக்கழகத்திலேயே பிறந்தது. அக்கழகம் நம் தமிழ்நாட்டிற்கும் ஆள் அனுப்பியது. பிரம்மஞான சங்கத்தின் அடையாற்றில் தொலைவிலிருந்து மடல்கள் தோன்றுவதாகக் கூறப்பட்டதையும், அவை போலி என்று சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழ் 1884-இல் வெளியிட்ட கடிதங்களையும் ஆராய ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் அவ்வாண்டிறுதியில் சென்னை வந்தார். அவர் 1885-இல் அளித்த அறிக்கை எல்லாம் ஏமாற்று என்றது. நூறாண்டு கழித்து, 1986-இல், அதே கழகத்தின் இதழில் வெர்னான் ஹாரிசன் அவ்வறிக்கை ஒருதலைப்பட்சமானது என்று எழுதினார். இவ்வழக்கின் விரிவு தனிக் கட்டுரைக்கு உரியது.

வங்காளத்தில் இத்தேடல் பின்னர் ஆவியுலகத் தொடர்பின் பக்கம் திரும்பியது. கவியரசர் தாகூரே 1929-இல் ஓர் இளம்பெண் கவிஞரை ஊடகமாகக் கொண்டு மறைந்த உறவினரோடு உரையாட முயன்றார். வினாவும் விடையும் எழுதிவைக்கப்பட்டன. அவற்றை ஆய்வு என்பதினும் துயருற்ற உள்ளத்தின் ஆறுதல் தேட்டம் என்று கொள்வதே தகும்.

எண்ணிப்பார்க்கும் முறை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ரைன் என்பாரிடமிருந்து வந்தது. ஐந்து வகைக் குறிகள் கொண்ட இருபத்தைந்து சீட்டுகளை அடுக்கி, பாராமற் கூறச் செய்து, தற்செயலாகப் பொருந்தும் ஐந்தினும் மிகுமா என்று எண்ணினார். எஸ்டெய்லின் நான்கு பொருள்களில் இல்லாத ஒழுங்கு இதில் இருந்தது. ஆனால் தொடக்கச் சோதனைகளில் சீட்டின் பின்புறத்தாலேயே குறியை அறிய முடிந்தது என்று பின்னர் குறை கூறினர். காவலை இறுக்க இறுக்க மிகுதியும் குறைந்தது. ரைனிடம் பயின்ற ஆந்திர நாட்டறிஞர் கே. ராமகிருஷ்ண ராவ் 1967-இல் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் துறை கண்டார். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் தத்துவப் பேராசிரியர் சி. டி. கே. சாரி மேனாட்டு ஆய்விதழ்களில் இடைவிடாது எழுதினார். முற்பிறவி நினைவு எனப்படும் இந்திய நிகழ்ச்சிகளை மேனாட்டார் எளிதில் ஏற்க முன்வந்தபோது, மறந்துபோன கேள்வியறிவும் ஊர்நம்பிக்கையும் அங்கே எவ்வாறு புகுகின்றன என்று எச்சரித்தவர் இந்தியராகிய அவர் என்பது நாம் பெருமைகொள்ளத்தக்க செய்தி. இன்றளவும் தொலைவிலுணர்தலை எல்லோரும் ஏற்கும்படி மீண்டும் மீண்டும் காட்டிய சோதனை ஒன்றில்லை.

எஸ்டெய்லின் மறுபாதி மட்டும், மறுக்கப்பட்ட அவ்வலியறியாமை, மெல்லத் திரும்பி வந்தது. பாய்மம் இல்லை, நோயாளியின் மனமே வேலை செய்கிறது என்று ஜேம்ஸ் பிரெய்டு 1843-இலேயே கூறி ‘ஹிப்னாடிசம்’ என்று பெயரிட்டிருந்தார். நாம் அறிதுயில் என்கிறோம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் ஹில்கார்டு 1970-களில் செய்த சோதனை ஒன்று கல்கத்தாக் குழுவை அப்படியே நினைவூட்டுகிறது. அறிதுயிலில் இருந்தவரின் கையைப் பனிநீரில் அழுத்தியபோது வலி இல்லை என்று வாய் கூறியது. அதே வேளையில், மறைந்திருந்து காணும் உள்மனத்தை வினவியபோது, வலி உண்டு என்ற விடை வந்தது. 1997-இல் மூளையைப் படம்பிடித்து ஆய்ந்தோர், அறிதுயிற் கட்டளையால் வலியின் துன்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும் என்பதை மூளையின் ஒரு பகுதியின் செயலிலேயே கண்டனர். ஆகவே அன்று கதவுத்துளை வழியே நோக்கியோர் கண்ட கோணிய முகமும் பொய்யன்று. நோயாளிகள் கூறிய சொல்லும் பொய்யன்று. இந்தியர் பொய்யர் என்று எழுதிய மருத்துவர்கள்தாம் தவறினர்.

மாதவ் கௌராவையும் மற்றோரையும் அம்மேசைக்குக் கொணர்ந்த நோயைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். அக்கட்டிகளுக்குக் காரணம் என்னவென்று எஸ்டெய்ல் காலத்தில் யாரும் அறியார். அவர் சென்று இருபத்தோராண்டு கழித்து, 1872-இல், இதே கல்கத்தாவில் திமதி லூயிஸ் என்னும் மருத்துவர் நோயாளி ஒருவரின் குருதியை உருப்பெருக்கியின்கீழ் வைத்து நோக்கினார். கண்ணுக்குப் புலனாகாத நுண்புழுக்கள் அதில் நெளிந்தன. விரைவீக்கத்திற்கும் யானைக்காலுக்கும் வேராகிய பைலேரியாப் புழுவின் குஞ்சுகள் அவை. கொசு அவற்றைப் பரப்புகிறது என்பது அடுத்த சில ஆண்டுகளில் சீனத்தில் பணியாற்றிய பாட்ரிக் மேன்சனால் தெரியவந்தது.